நிலாவுக்கு ராக்கெட் விட்ட மாநிலத்தில் ஒரு செப்டிக் டேங்க் பிரச்சினை



போன செமஸ்டர் லீவில் நம்ம சீனியர் அண்ணா ஒருத்தர் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு போட்டோ போட்டிருந்தார். எம்.எஸ். படிக்க அமெரிக்கா போனவர். படுத்த வாக்கில் வைத்திருக்கும் ஒரு ராட்சத ராக்கெட்டுக்குக் கீழே எறும்பு மாதிரி நிற்கிறார். "சாட்டர்ன் 5, ஹன்ட்ஸ்வில், அலபாமா" என்று எழுதியிருந்தார். குரூப்பில் வந்த முதல் பதில்: "அலபாமாவா? அங்க என்னண்ணா இருக்கு?"

அதைக் கேட்டது நான்தான். அமெரிக்கா என்றால் நமக்குத் தெரிந்ததெல்லாம் கலிஃபோர்னியா, டெக்சாஸ், நியூயார்க், நியூஜெர்சி. அண்ணா ஒரு சிரிப்பு எமோஜியோடு நிறுத்திக்கொண்டார். நான் விடவில்லை, தேட ஆரம்பித்தேன். தேடத் தேட இரண்டு விஷயங்கள் மனசில் ஒட்டிக்கொண்டன.

ஒன்று: மனிதனை நிலாவுக்குக் கொண்டுபோன சாட்டர்ன் 5 ராக்கெட்டை வடிவமைத்து உருவாக்கிய தலைமையிடம் இந்த மாநிலத்தின் வடக்கில் இருக்கும் ஹன்ட்ஸ்வில். இரண்டு: அங்கிருந்து தெற்கே, நம்ம சென்னையிலிருந்து சேலம் போகிற அளவு தூரத்தில், லவுண்டஸ் என்று ஒரு கவுன்ட்டி இருக்கிறது (கவுன்ட்டி என்றால் நம்ம மாவட்டம் மாதிரி). அங்கே பல வீடுகளில் டாய்லெட் குழாய் நேராகப் பின்பக்கத் தோட்டத்தில் போய் முடிகிறது. கழிவு அப்படியே திறந்த வெளியில் தேங்குகிறது. இது 1960-களின் கதை இல்லை, நம்ம காலத்துக் கதை.

இரண்டும் எப்படி ஒரே மாநிலத்தில்? இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். ஆனால் இன்ஜினியரிங் படிக்கிற யாரும் இதைத் தெரிந்துகொள்ளாமல் டிகிரி வாங்கக் கூடாது என்பது என் கருத்து.

கடல் போட்ட கோடு

முதலில் ஒரு சின்ன ஜியாகிரஃபி. அலபாமாவின் பரப்பளவு கிட்டத்தட்ட நம்ம தமிழ்நாடு அளவுதான், சுமார் 1,35,000 சதுர கி.மீ. ஆனால் மக்கள்தொகை வெறும் 50 லட்சம். 67 கவுன்ட்டிகள். வடக்கில் டென்னசி ஆறு பாய்கிறது. அதற்குத் தெற்கே அப்பலாச்சியன் மலைத்தொடரின் வால் வந்து முடிகிறது. தென் கோடியில் பைன் காடுகள், மொபீல் விரிகுடா, மெக்சிகோ வளைகுடா.

இப்போது அலபாமாவின் அதிபர் தேர்தல் வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மாநிலமே பெரும்பாலும் குடியரசுக் கட்சியின் சிவப்பில் இருக்கும். நடுவில் மட்டும் கிழக்கு மேற்காக ஜனநாயகக் கட்சியின் நீலத்தில் ஒரு பிறை மாதிரி வளைவு தெரியும். அது என்ன என்று தேடினால், பதில் பொலிட்டிக்கல் சயின்ஸில் தொடங்கவில்லை. ஜியாலஜியில் தொடங்குகிறது.

கிரெட்டேசியஸ் காலத்தில், டைனோசர்கள் இருந்தபோது, அலபாமாவின் தென்பாதி கடலுக்குள் இருந்தது. அந்த ஆழமில்லாத வெதுவெதுப்பான கடலில் வாழ்ந்த நுண்ணுயிர்களின் சுண்ணாம்பு ஓடுகள் செத்துச் செத்து அடியில் படிந்தன. கோடிக்கணக்கான வருஷம் கழித்துக் கடல் பின்வாங்கியபோது, அந்தப் பழைய கடற்கரையை ஒட்டி ஒரு சுண்ணாம்புப் பாறைப் பட்டை மிஞ்சியது. அதன் மேலே கறுப்பான, பிசுபிசுப்பான, வளமான களிமண் உருவானது. அந்தப் பட்டைக்குப் பெயர் 'பிளாக் பெல்ட்'. மண்ணின் நிறத்தால் வந்த பெயர்.

சிவில் நண்பர்களுக்கு இந்த மண்ணை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. சாயில் மெக்கானிக்ஸ் லேபில் நாம் திட்டிக்கொண்டே சோதித்துப் பார்க்கிற பிளாக் காட்டன் சாயில், அதாவது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் மண், இதற்குத் தூரத்துச் சொந்தம். நனைந்தால் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். தண்ணீரை லேசில் கீழே விடாது. பருத்திக்கு இதைப் போல மண் கிடையாது. கட்டடத்துக்கு இதைப் போலத் தலைவலி கிடையாது. இந்தக் கடைசி இரண்டு வாக்கியங்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னாடி தேவைப்படும்.

ஒரு மெஷின், ஒரு சட்டம், 4,35,080 பேர்

அந்த மண்ணில் முதலில் வாழ்ந்தவர்கள் கிரீக், சோக்டா, செரோக்கி, சிக்கசா பூர்வகுடிகள். 1814-இல் ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற இடத்தில் ஆண்ட்ரூ ஜாக்சனின் படை கிரீக் மக்களைத் தோற்கடித்தது. அடுத்து வந்த ஒப்பந்தத்தில் அவர்கள் இழந்தது சுமார் 2.3 கோடி ஏக்கர். 1819-இல் அலபாமா அமெரிக்காவின் 22-ஆவது மாநிலமானது. அதே ஜாக்சன் பிறகு அதிபராகி, 1830-இல் பூர்வகுடிகளை மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே அனுப்பும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். மண் காலியானது. காலியாக்கப்பட்டது என்பதுதான் சரி.

இடையில் ஒரு இன்ஜினியரிங் சமாச்சாரம். 1793-இல் ஈலாய் விட்னி காட்டன் ஜின் என்ற மெஷினைச் செய்தார். கையால் பிரித்தால் ஒரு ஆள் ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு பஞ்சுக்குத்தான் விதை நீக்க முடியும். இந்த மெஷினில் 50 பவுண்டு வரை முடியும். நம்ம லாஜிக் என்ன சொல்லும்? மெஷின் வந்தால் ஆள் வேலை குறையும், அடிமை முறை தானாக ஒழியும். நடந்தது நேர் எதிர். பஞ்சு பிரிப்பது சுலபமானதும் பருத்தி போடுவது லாபமானது. இன்னும் நிலம், இன்னும் ஆள் என்று ஆசை பெருகியது. வர்ஜீனியா, கரோலினா பக்கத்திலிருந்து அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களைச் சங்கிலியில் கட்டி நடத்தியே அலபாமாவுக்குக் கொண்டுவந்தார்கள். 1860 சென்சஸில் அலபாமாவின் மக்கள்தொகை 9,64,201. அதில் அடிமைகள் 4,35,080 பேர். நூற்றுக்கு 45 பேர்! அவர்கள் மிக அடர்த்தியாக இருந்தது எங்கே? அந்தக் கறுப்பு மண் பட்டையில்தான்.

வெளிநாட்டிலிருந்து அடிமைகளை இறக்குவது 1808-லேயே சட்டப்படி தடை. இருந்தும் 1860-இல், கிளோட்டில்டா என்ற கப்பலில் ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் 110 பேரை மொபீலுக்குக் கடத்திவந்து, சாட்சி இருக்கக்கூடாது என்று கப்பலை ஆற்றிலேயே எரித்துவிட்டார்கள். அதன் மிச்சம்தான் என்று 2019-இல் உறுதி செய்தார்கள். அதில் வந்தவர்கள் விடுதலைக்குப் பிறகு உருவாக்கிய ஆப்பிரிக்காடவுன் என்ற ஊர் இன்னும் இருக்கிறது.

இப்போது சொல்லுங்கள், அந்த நீலப் பிறை எங்கிருந்து வந்தது? கடல் சுண்ணாம்பைப் போட்டது, சுண்ணாம்பு கரிசலைத் தந்தது, கரிசலுக்குப் பருத்தி வந்தது, பருத்திக்கு அடிமைகள் வந்தார்கள், அவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று அங்கே ஓட்டுப் போடுகிறார்கள்.

இதைப் படித்ததும் "அடடா, எல்லாம் மண்ணோட விளையாட்டு" என்று சொல்லத் தோன்றும். எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. அங்கேதான் தப்புப் பண்ணுகிறோம். மண் பருத்தியை வளர்க்கும். மனிதனை விற்கச் சொல்லாது. அந்த முடிவு ஒவ்வொன்றையும் எடுத்தது மனிதர்கள். சட்டம் எழுதினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், கணக்குப் புத்தகத்தில் வரவு வைத்தார்கள்.

இரும்பும் அப்படித்தான்

1861 பிப்ரவரியில், அடிமை முறையைக் காப்பாற்றப் பிரிந்துபோன தென் மாநிலங்கள் தங்கள் முதல் தலைநகராக அலபாமாவின் மான்ட்கோமரியைத் தேர்ந்தெடுத்தன. போரில் தோற்றார்கள். அடிமை முறை ஒழிந்தது. கதை முடிந்ததா? இல்லை.

மெட்டலர்ஜி, மெக்கானிக்கல் நண்பர்கள் இங்கே கவனிக்கவும். இரும்பு உருக்க மூன்று பொருள் வேண்டும்: இரும்புத் தாது, நிலக்கரி, சுண்ணாம்புக்கல். இந்த மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் கிடைக்கும் அபூர்வமான இடம் ஒன்று அலபாமாவின் நடுவில் இருந்தது. அங்கே 1871-இல் ஒரு ஊரை உண்டாக்கி, இங்கிலாந்தின் தொழில் நகரத்துப் பெயரையே வைத்தார்கள்: பர்மிங்ஹாம். ஊர் மந்திரம் போட்ட மாதிரி வளர்ந்தது. அந்தப் பெருமைக்கு அடையாளமாக 1904-இல் வார்த்த 56 அடி உயர வல்கன் சிலை இன்றும் அங்கே மலை மேல் நிற்கிறது. உலகத்திலேயே பெரிய வார்ப்பிரும்புச் சிலை அதுதான். அங்கே 1882-இல் பற்றவைத்த ஸ்லாஸ் உலைகள் இன்று மியூசியம். ஃபர்னஸ் டிசைன் பிடிக்கும் என்றால் பார்க்க வேண்டிய இடம்.

ஆனால் சுரங்கத்துக்குள் யார் போனது? 'கைதி குத்தகை' என்று ஒரு முறை இருந்தது. வேலையில்லாமல் சுற்றினான், கடன் கட்டவில்லை என்று சின்னச் சின்ன வழக்குகளில் கறுப்பின ஆண்களைப் பிடித்து, அபராதம் கட்ட முடியாதவர்களைக் கம்பெனிகளுக்கு அரசே வாடகைக்கு விட்டது. 1911-இல் பேனர் சுரங்க வெடிவிபத்தில் 128 பேர் செத்தார்கள், பெரும்பாலானவர்கள் கைதிகள். இந்த முறையைக் கடைசியாகக் கைவிட்ட மாநிலம் அலபாமா, 1928-இல். அடிமை முறை ஒழிந்து 63 வருஷம் கழித்து!

இன்னொரு பக்கம், 1901-இல் ஒரு புதிய மாநில அரசியல் சாசனம் எழுதினார்கள். வெள்ளையர் ஆதிக்கத்தைச் சட்டப்படி நிலைநாட்டத்தான் கூடியிருக்கிறோம் என்று அந்த மாநாட்டின் தலைவரே வெளிப்படையாகப் பேசினார். ஓட்டுப் போட வரி கட்டணும், எழுத்தறிவுத் தேர்வு எழுதணும், சொத்து இருக்கணும். கறுப்பினத்தவரோடு சேர்த்து ஏழை வெள்ளையர்களின் ஓட்டும் போனது. அதே சாசனம் உள்ளூர் நிர்வாகங்களின் கையையும் கட்டியது. வரி போடுவது மாதிரியான உள்ளூர் விஷயத்துக்குக்கூட மாநிலத் தலைநகரைக் கெஞ்ச வேண்டும். அதனாலேயே 900-க்கும் மேல் திருத்தங்கள் சேர்ந்து, அது உலகத்தின் மிக நீளமான அரசியல் சாசனங்களில் ஒன்றானது. அதிலிருந்த இனவெறி வாசகங்களை நீக்கித் தொகுத்ததை மக்கள் ஏற்றுக்கொண்டது 2022-இல்தான்.

ஒரு காலேஜ், ஒரு ராத்திரி, ஒரு ஜெராக்ஸ் மாதிரி மெஷின்

இவ்வளவையும் சகித்துக்கொண்டு சும்மா இருந்தார்களா? இல்லை. நம்மள மாதிரி காலேஜ் ஆட்களுக்கு ரொம்பப் பிடிக்கும் ஒரு பகுதி இங்கே வருகிறது.

1955 டிசம்பர் 1. மான்ட்கோமரி பஸ்ஸில் வெள்ளையருக்கு இடம்விட மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானது நமக்குத் தெரியும். அன்று ராத்திரி நடந்தது பலருக்குத் தெரியாது. அலபாமா ஸ்டேட் காலேஜில் இங்கிலீஷ் பேராசிரியை ஜோ ஆன் ராபின்சன், சக பேராசிரியர் ஒருவரையும் இரண்டு மாணவர்களையும் கூட்டிக்கொண்டு காலேஜுக்குப் போனார். அங்கே இருந்த மிமியோகிராஃப் மெஷினில் (நம்ம ஜெராக்ஸின் தாத்தா) விடியும்வரை பல்லாயிரம் நோட்டீஸ் அடித்தார். "திங்கள்கிழமை யாரும் பஸ் ஏறாதீங்க" என்பதுதான் செய்தி. விடிந்ததும் ஊர் முழுக்கப் போய்ச் சேர்ந்துவிட்டது.

அந்தப் புறக்கணிப்பு 381 நாள் நடந்தது. உணர்ச்சியால் மட்டும் 381 நாள் ஓட்ட முடியாது. சுமார் 300 கார்களை வைத்து, ஏறுமிடம், இறங்குமிடம், நேரம் எல்லாம் போட்டு ஒரு தனிப் போக்குவரத்து நெட்வொர்க்கையே நடத்தினார்கள். 26 வயது பாதிரியார் மார்ட்டின் லூதர் கிங் உலகத்துக்குத் தெரியவந்தது இங்கேதான். வழக்கும் ஜெயித்தது, பஸ்ஸில் பிரிவினையும் ஒழிந்தது. ஒரு சிஸ்டத்தை எதிர்க்க இன்னொரு சிஸ்டம் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல கேஸ் ஸ்டடி எனக்குத் தெரியாது.

அடுத்து 1965. செல்மாவிலிருந்து தலைநகர் மான்ட்கோமரிக்கு 54 மைல். ஓட்டுரிமை கேட்டு நடக்கப் புறப்பட்டவர்களை மார்ச் 7 அன்று எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் போலீஸ் அடித்து நொறுக்கியது. டிவியில் நாடே பார்த்தது. இரண்டு வாரம் கழித்து மறுபடி நடந்தார்கள், இந்த முறை போய்ச் சேர்ந்தார்கள். ஆகஸ்டில் ஓட்டுரிமைச் சட்டம் வந்தது.

அந்த 54 மைலில் பெரும்பகுதி எந்தக் கவுன்ட்டி வழியாகப் போகிறது தெரியுமா? லவுண்டஸ். ஆமாம், நான் ஆரம்பத்தில் சொன்ன அதே லவுண்டஸ். அங்கே அப்போது நூற்றுக்கு 80 பேர் கறுப்பினத்தவர். 1965 தொடக்கத்தில் அவர்களில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர் ஒருவர்கூட இல்லை. பதிவு செய்யத் துணிந்த குத்தகை விவசாயிகளை நில உடைமையாளர்கள் வீட்டைவிட்டு வெளியேற்றினார்கள். அவர்கள் ரோட்டோரமாகக் கூடாரம் போட்டுக் குளிரிலும் மழையிலும் இருந்தார்கள். ஊரைவிட்டுப் போகவில்லை. 1966-இல் தங்களுக்கென்று ஒரு கட்சி ஆரம்பித்து, அதற்குச் சின்னமாகக் கறுஞ்சிறுத்தையை வைத்தார்கள். பிறகு கலிஃபோர்னியாவில் தொடங்கிய பிளாக் பேந்தர் கட்சிக்கு அந்தச் சின்னம் போனது இங்கிருந்துதான்.

பக்கத்து வில்காக்ஸ் கவுன்ட்டியில் ஜீஸ் பெண்ட் என்று ஒரு ஊர். அலபாமா ஆறு மூன்று பக்கமும் சுற்றி வளைத்த இடம். எதிர்க்கரையில் இருக்கிற டவுனுக்குப் போக ஒரே சுருக்குவழி படகுச் சேவைதான். 1962-இல், ஊர்க்காரர்கள் ஓட்டுரிமை கேட்டு அந்த டவுனுக்குப் போக ஆரம்பித்த காலத்தில், அந்தப் படகை நிறுத்திவிட்டார்கள். ரோட்டில் சுற்றிப் போனால் ஒரு மணி நேரம். படகு மறுபடி ஓடியது 2006-இல். நடுவில் 44 வருஷம்! இத்தனைக்கும் அந்த ஊர்ப் பெண்கள் பழைய வேலை உடுப்புகளையும் கிழிந்த துணிகளையும் ஒட்டுப்போட்டுத் தைத்த போர்வைகள், 2002-இல் நியூயார்க்கின் விட்னி மியூசியத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டு, உலகத்தரமான ஓவியங்கள் என்று கொண்டாடப்பட்டன. நியூயார்க் வரை போர்வை போய்விட்டது, ஆற்றைக் கடக்கப் படகு இல்லை.

மறுபடி ஹன்ட்ஸ்வில்

இப்போது அண்ணாவின் போட்டோவுக்கு வருவோம். 1950-இல் ஹன்ட்ஸ்வில் சுமார் 16,000 பேர் வாழ்ந்த பருத்தி டவுன். அந்த வருஷம்தான் வெர்னர் ஃபான் பிரவுனும் நூற்றுக்கும் மேற்பட்ட ஜெர்மன் வல்லுநர்களும் அங்கே ராணுவத்தின் ஏவுகணை வேலைக்கு வந்து இறங்கினார்கள். 1960-இல் நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் தொடங்கியது. 363 அடி உயர சாட்டர்ன் 5 அங்கே உருவானது. இன்று ஹன்ட்ஸ்வில் இரண்டு லட்சத்தைத் தாண்டி, பர்மிங்ஹாமையும் முந்தி, மாநிலத்திலேயே பெரிய நகரமாகிவிட்டது. ராக்கெட் சிட்டி என்றே பெயர்.

இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை. கூடவே இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். ஃபான் பிரவுன் ஜெர்மனியில் உருவாக்கிய வி-2 ராக்கெட்டுகளைக் கட்டியவர்கள் மிட்டல்பாவ்-டோரா வதைமுகாமின் அடிமைத் தொழிலாளர்கள். அந்த முகாமில் சுமார் 20,000 பேர் செத்தார்கள். நம்ம விண்வெளி வரலாற்று வீடியோக்களில் இந்த வரி பெரும்பாலும் எடிட்டிங்கில் போய்விடுகிறது.

இதெல்லாம் பணமும் மனசும் வைத்தால் என்ன முடியும் என்பதைக் காட்டுகிறது. ஒரு பருத்தி டவுன் 19 வருஷத்தில் மனிதனை நிலாவில் இறக்கியது.

மறுபடி லவுண்டஸ்

ஒரு செப்டிக் டேங்க் எப்படி வேலை செய்கிறது? டேங்கில் கசடு அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீர், ஓட்டை போட்ட குழாய்கள் வழியாக மண்ணுக்குள் இறங்கும். மண் அதை வடிகட்டும். முழு டிசைனும் ஒரே ஒரு அனுமானத்தில் நிற்கிறது: மண் தண்ணீரை உறிஞ்சும். அதற்குத்தான் குழி தோண்டித் தண்ணீர் ஊற்றி, எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று முதலில் பார்ப்பது.

கரிசல் உறிஞ்சாது. இப்போது அந்த இரண்டு வாக்கியங்களை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பருத்திக்கு வரமாக இருந்த அதே களிமண், செப்டிக் டேங்குக்குச் சாபம். மழை பெய்தால் டேங்க் நிரம்பி, கழிவு தோட்டத்தில் ஊறும். சில வீடுகளில் பாத்டப், சிங்க் வழியாக உள்ளேயே திரும்பி வரும். டேங்கே வைக்க முடியாதவர்கள் பி.வி.சி. குழாயை நேராகப் புதர்ப் பக்கம் விட்டிருக்கிறார்கள்.

தீர்வு இல்லையா? இருக்கிறது. மணலைக் கொண்டுவந்து மேடு போட்டு, அதற்குள் கழிவுநீரை பம்ப் செய்யும் முறை உண்டு. செலவு 20,000 டாலரைத் தாண்டலாம். அங்கே பலர் பழைய மொபைல் ஹோமில் வாழ்கிறவர்கள். சில குடும்பங்களுக்கு வீட்டின் மதிப்பைவிட டேங்கின் விலை அதிகம். அதற்கு அரசு முதலில் என்ன செய்தது? வசதி செய்யாததற்காக அந்த ஏழைகள் மேலேயே வழக்குப் போட்டது, கைது செய்வோம் என்றது.

லவுண்டஸ் மண்ணிலேயே வளர்ந்த கேத்தரின் கோல்மன் ஃப்ளவர்ஸ் என்ற பெண்மணி இதை இருபது வருஷத்துக்கும் மேலாக உலகத்துக்குச் சொல்லி வருகிறார். 2017-இல் ஐ.நா.வின் வறுமை பற்றிய சிறப்புப் பிரதிநிதி ஃபிலிப் ஆல்ஸ்டன் நேரில் வந்து பார்த்து, வளர்ந்த நாடுகளில் இப்படியொரு காட்சி அரிது என்றார். 2021-இல் மத்திய நீதித் துறை விசாரணை தொடங்கியது. 2023-இல் மாநில சுகாதாரத் துறையோடு ஒப்பந்தம் போட்டு, மக்கள் மேல் வழக்குப் போடுவதை நிறுத்தி, வழிகாணச் சொன்னது. 2025 ஏப்ரலில் புதிய அரசு வந்து அந்த ஒப்பந்தத்தையே ரத்து செய்துவிட்டது.

"லாபமில்லையே, மச்சி"

இதை ஹாஸ்டல் ரூமில் சொன்னபோது என் நண்பன் ஒரு நியாயமான கேள்வி கேட்டான். "அங்க 10,000 பேர்தான் இருக்காங்க. வீடுகள் தூரம் தூரமா இருக்கு. பைப்லைன் போட்டா ஒரு வீட்டுக்கு எவ்வளவு ஆகும்? இது இனப் பிரச்சினை இல்லடா, காஸ்ட் பெனிஃபிட் பிரச்சினை."

கணக்காகப் பார்த்தால் அவன் சொல்வது சரி. அடர்த்தி குறைந்த இடத்தில் எந்த வசதியும் தலைக்கு அதிகம் செலவு வைக்கும். ஆனால் இதே வாதத்தை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை கேட்டு, தள்ளுபடி செய்திருக்கிறது. 1930-களில் கிராமத்து வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. தூரம் அதிகம், லாபமில்லை என்று தனியார் மின் கம்பெனிகள் கையை விரித்தன. அரசு என்ன செய்தது? அலபாமாவின் வடக்கில், முதல் உலகப் போருக்காகக் கட்ட ஆரம்பித்து 1924-இல் முடித்த வில்சன் அணையை அடிப்படையாக வைத்து, 1933-இல் டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தை உருவாக்கியது. விவசாயிகளின் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் கடன் கொடுத்தது. கம்பி போனது, விளக்கு எரிந்தது. ஹன்ட்ஸ்வில்லுக்கும் அந்த மின்சாரம்தான். அப்போதும் காஸ்ட் பெனிஃபிட் கணக்கு இருந்தது. பெனிஃபிட் பக்கத்தில் யாரை எழுதுவது என்பதை மட்டும் மாற்றினார்கள்.

நிலா பயணத்துக்கு யாராவது தலைக்கு எவ்வளவு லாபம் என்று கேட்டார்களா? கேட்கவில்லை. போயே ஆக வேண்டும் என்று முதலில் முடிவு செய்தார்கள், வழியைப் பிறகு கண்டுபிடித்தார்கள். லவுண்டஸில் முதலில் விலையைக் கேட்கிறார்கள். முடிவு எடுப்பதே இல்லை. என் கருத்து இதுதான்: அங்கே தீர்க்கப்படாமல் கிடப்பது சாயில் மெக்கானிக்ஸ் பிரச்சினை இல்லை. அந்த மக்கள் யாருடைய கணக்கிலும் வரவில்லை என்பதுதான் பிரச்சினை. பருத்தி வேண்டுமென்றபோது அந்த மண்ணின் ஒவ்வொரு அங்குலத்தையும் அளந்தார்கள்.

நமக்கு என்ன?

நாளைக்கு நம்மில் சிலர் ஹன்ட்ஸ்வில் போகலாம். பலர் இங்கேயே ரோடு போடுவோம், பம்ப் செலக்ட் செய்வோம், கோட் எழுதுவோம். நமக்குக் கேள்வித்தாளில் எப்போதும் "டிசைன் செய்க" என்று வரும். யாருக்காக, அவர்கள் கையில் என்ன இருக்கிறது, இந்த மண்ணில் அது நிற்குமா, யார் விட்டுப்போகிறார்கள் என்று வராது. அதனால் அவை கேள்வியே இல்லை என்று பழகிவிடுகிறோம். ஈலாய் விட்னிக்கும் அந்தக் கேள்விகள் சிலபஸில் இல்லை.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த மினி ப்ராஜெக்ட் ரிவ்யூவில், "இது எப்படி வேலை செய்யும்?" என்று ஸ்லைடு போடும்போது, "இது யாருக்கு வேலை செய்யாது?" என்று இன்னொரு ஸ்லைடு சேருங்கள். மார்க் கிடைக்காமல் போகலாம். பரவாயில்லை.

அண்ணாவுக்கு இதெல்லாம் மெசேஜ் பண்ணினேன். வர லீவில் காரை எடுத்துக்கொண்டு தெற்கே போய், செல்மா பாலத்தையும் லவுண்டஸையும் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். போட்டோ வந்ததும் குரூப்பில் போடுகிறேன். யாராவது "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டால், இந்தக் கட்டுரையின் லிங்கை அனுப்பிவிடுங்கள்.